சரக்கொன்றை ஏன் பூக்கவில்லை? இளவேனில் பூக்களும் தண்ணீர்க் கணக்கும்

கேள்வி, ஏப்ரல் 9

வீட்டு முன்னால் சரக்கொன்றை வைத்து ஏழு வருடம் ஆகிறது. இருபது அடி உயரம், நல்ல இலை அடர்த்தி, நோய் எதுவும் இல்லை. தெருமுனையில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத மரம் சித்திரை பிறக்கும் முன்பே மஞ்சளாகக் கொட்டுகிறது. எங்கள் மரத்தில் ஒரு சரம் கூட இல்லை. வாரம் இரண்டு முறை தண்ணீர், மாதம் ஒரு முறை உரம் போடுகிறோம். இன்னும் என்ன செய்ய வேண்டும்?

ஏப்ரல் 9, இரவு

தண்ணீரை நிறுத்துங்கள். உரத்தையும் நிறுத்துங்கள். தெருமுனை மரம் பூப்பதற்குக் காரணமே அதை யாரும் கவனிக்காததுதான்.

சரக்கொன்றை வறண்ட காடுகளின் மரம். மாசி, பங்குனியில் மண் ஈரம் வற்றும்போது இலையை உதிர்க்கும். உதிர்ந்த இலைக் கணுவிலிருந்துதான் பூச்சரம் இறங்கும். வாரம் இரண்டு முறை தண்ணீர் கிடைக்கிற மரத்துக்கு இலையை விட வேண்டிய தேவையே வராது. அது இலையை வைத்துக்கொண்டு கிளையை நீட்டிக்கொண்டே போகும். அதோடு மாதாமாதம் உரம் சேர்ந்தால், அதிலும் யூரியா கலந்த உரமாக இருந்தால், பச்சை இன்னும் கூடும், பூ தள்ளிப் போகும்.

விதையிலிருந்து வந்த கன்று முதல் பூ எடுக்க 5 முதல் 8 வருடம் ஆகும். உங்கள் மரத்துக்கு வயது வந்துவிட்டது. வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று எழுதுங்கள். மாடிச் சுவர் நிழலில் நின்றால் நான் சொன்னது எதுவும் பலிக்காது.

ஏப்ரல் 10

நேற்று ஒன்றைக் கேட்காமல் விட்டுவிட்டேன். உங்களிடம் இருப்பது சரக்கொன்றைதானா? கொன்றை என்ற பெயரில் நர்சரிகளில் நாலைந்து மரம் கைமாறுகிறது. பூக்காத கன்றில் இலையை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

சரக்கொன்றை: ஒரு காம்பில் 3 முதல் 8 ஜோடிச் சிற்றிலைகள். ஒவ்வொன்றும் பெரிது, உள்ளங்கை நீளத்துக்குக் குறையாது, முட்டை வடிவம். பூ தொங்கும்.

மஞ்சள் கொன்றை என்று சாலையோரத்தில் நிற்பது: ஜோடி அதிகம், சிற்றிலை சின்னது, நுனி மழுங்கி இருக்கும். பூக்கொத்து கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும், தொங்காது. இதே பெயரில் இன்னொரு மரமும் உண்டு. அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்தது, சிற்றிலை நுனி கூராக இருக்கும். முதுமலை, சத்தியமங்கலம், வயநாடு காடுகளில் பரவிக் கீழே புல் முளைக்கவிடாமல் செய்து, இப்போது வனத்துறை வேரோடு பிடுங்கிக்கொண்டிருக்கிற மரம் அதுதான். அழகாக இருக்கிறது என்று அந்த விதையைக் கொண்டுவந்து ஊரில் போடாதீர்கள்.

பெருங்கொன்றை, அதாவது இயல்வாகை: புளிய இலையை விடப் பொடி இலை, இரண்டு அடுக்காகப் பிரிந்தது. மொட்டும் இளங்கிளையும் துருப்பிடித்த நிறம். மயில்கொன்றை என்றும் மே ஃப்ளவர் என்றும் சொல்கிற குல்மோகருக்கும் இதே மாதிரிப் பொடி இலைதான், ஆனால் துரு நிறம் இருக்காது.

ஏப்ரல் 11

படம் பார்த்தேன். ஐந்து ஜோடி, பெரிய இலை. சரக்கொன்றையேதான். வெயிலும் போதும். மேலே மின்கம்பி தெரிகிறதே, கிளை வெட்டினீர்களா? எப்போது?

ஏப்ரல் 13

தை மாதம், பொங்கல் கழிந்து, மூன்று பக்கமும் வெட்டிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் முதல் நாள் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். தண்ணீர் பாதிக் காரணம். மீதிப் பாதி அந்த அரிவாள்.

எந்தக் கிளையில் பூக்கும் என்பது மரத்துக்கு மரம் வேறு. சரக்கொன்றை போன வருடம் வளர்ந்து முற்றிய கிளையில் பூக்கும். தையில் அதை வெட்டினால் சித்திரைக்கு வர வேண்டிய சரத்தைத்தான் வெட்டுகிறோம். பூ முடிந்த கையோடு, ஆனியில் வெட்டலாம், ஆடி தாண்டக் கூடாது. அதற்குப் பிறகு வளர்கிற கிளைக்கு முற்ற ஆறேழு மாதம் கிடைக்கும்.

குண்டுமல்லி இதற்கு நேர் எதிர். அது புதுத் தளிரில் மட்டுமே மொட்டு வைக்கும். அதனால்தான் மதுரை, திண்டுக்கல் பக்கம் கார்த்திகை வாக்கில், நவம்பர் கடைசியில், செடியைத் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் ஒரே மட்டமாகக் கவாத்து செய்கிறார்கள். வெட்டாத மல்லி புதர் மாதிரி வளரும், பூ குறையும். கொன்றையைத் தையில் வெட்டுகிற தவறும் மல்லியை வெட்டாமலே விடுகிற தவறும் பல வீடுகளில் ஒன்றாக நடக்கின்றன. இரண்டையும் செடி என்ற ஒரே கணக்கில் பார்ப்பதால் வருவது.

ஏப்ரல் 13, சற்று நேரம் கழித்து

மல்லி என்றதும் மூன்று பேர் தொட்டிச் செடியைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். மொத்தமாக எழுதுகிறேன்.

தொட்டி 12 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆறு மணி நேரம் நேர் வெயில். இப்போது சித்திரை பிறக்கப் போகிறது, பெரிய கவாத்துக்கு நேரம் தாண்டிவிட்டது. ஆனால் பூத்து முடிந்த ஒவ்வொரு நுனியையும் இரண்டு கணு விட்டுக் கிள்ளுங்கள். கிள்ளிய இடத்தின் கீழ்க் கணுவில் இரண்டு தளிர் வரும், இரண்டிலும் மொட்டு வரும். மொட்டு பெரும்பாலும் மூன்று மூன்றாக நிற்கும், நடு மொட்டு முதலில் மலரும். அது மலர்ந்ததும் முழுக் கொத்தையும் கிள்ளிவிடாதீர்கள், பக்க மொட்டு இரண்டும் பாக்கி இருக்கிறது.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறை. ஃபெரஸ் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளிக்கலாம், மாதம் ஒரு முறை, மாலை நேரத்தில். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

மொட்டு ஊதா நிறமாகி அடிப்பகுதி வீங்கி மலராமலே காய்ந்தால் அது மொட்டு ஈ. மொட்டில் ஓட்டை விழுந்து உள்ளே பச்சைப் புழு இருந்தால் மொட்டுப்புழு. தொட்டி ஒன்றிரண்டுக்கு மருந்து வேண்டாம். பாதித்த மொட்டைப் பறித்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். தரையில் போட்டால் ஈயின் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகித் திரும்ப வரும். மேல்மண்ணைக் கிளறி வெயில் படவிடுவதும் உதவும்.

ஏப்ரல் 17

வேப்பம்பூ இன்னும் உதிர்கிறது, எடுத்து வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் இந்த வாரத்துக்குள் எடுங்கள். இரவே மரத்தடியைப் பெருக்கி, பழைய வேட்டியை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டால் விடிகாலையில் பூ அள்ளலாம். கிளையை உலுக்கினால் பிஞ்சும் சேர்ந்து கொட்டிவிடும். முறத்தில் புடைத்துக் காம்பும் தூசும் போக்கி, நிழலில் மூன்று நான்கு நாள் காய வையுங்கள். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் நிறம் கருத்து மணம் போய்விடும். கையில் நொறுங்கினால் பதம். ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டால் அடுத்த சித்திரை வரை ரசத்துக்கும் பச்சடிக்கும் ஆகும்.

தெருவோர மரத்தில் எடுக்க வேண்டாம், வண்டிப் புகை முழுக்கப் பூவில்தான் படிந்திருக்கும்.

ஏப்ரல் 24

கோடை மழை பெய்துவிட்டது. ஒரு மணி நேரம்தான், ஆனால் மண் அரை அடி நனைந்திருக்கிறது. மழை லில்லி வைத்திருப்பவர்கள் இன்றிலிருந்து எண்ணுங்கள், மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் மொட்டுக் காம்பு தரையைக் கிழித்துக்கொண்டு வரும். குழாய்த் தண்ணீர் தினமும் ஊற்றிய தொட்டியில் இது நடக்காது. கிழங்கு முதலில் காய வேண்டும், பிறகு ஒரே மூச்சில் நனைய வேண்டும். மழை வராத ஊரில் மூன்று வாரம் தொட்டியைக் காயப்போட்டு, பிறகு அடித்துளை வழியே தண்ணீர் வெளியேறும் அளவுக்கு ஒரே நாளில் ஊற்றிப் பாருங்கள். மழையளவுக்கு வராவிட்டாலும் பாதியாவது பூக்கும்.

ஏற்காடு, கீழ்ப்பழனி மலைக் காப்பித் தோட்டக்காரர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. காப்பிச் செடியில் மொட்டு மாசியிலேயே முற்றி, வறட்சியில் அப்படியே உறங்கி நிற்கும். ஒரு அங்குல மழை, அவர்கள் சொல்கிற பூமழை, விழுந்தால் எட்டு முதல் பத்து நாளில் மலை முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகிவிடும். மழை அரைகுறையாகப் பெய்தால்தான் ஆபத்து. மொட்டு விழித்துக்கொள்ளும், ஆனால் முழுதாக விரிய ஈரம் போதாமல் நட்சத்திரம் போலச் சுருங்கி நின்றுவிடும். அதில் காய் பிடிக்காது. மழை வராவிட்டால் தெளிப்பான் வைத்து அதே ஒரு அங்குலத்தைக் கொடுப்பது இதற்காகத்தான். அரை அங்குலத்தில் நிறுத்துவதை விடக் கொடுக்காமலே இருப்பது நல்லது.

ஏப்ரல் 26

முதல் குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர் போன ஐப்பசியில் நட்ட கொன்றைக் கன்றுக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறார். உடனே ஊற்றுங்கள்! நிறுத்துவது வேர் ஆழம் போன மரத்துக்கு மட்டும், மூன்று வருடம் முடிந்ததற்கு. இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

சின்னக் கன்றுக்குக் கத்திரி முடியும் வரை வாரம் ஒரு முறை, ஒரு தடவைக்கு இரண்டு குடம். தினம் ஒரு சொம்பு ஊற்றுவது மேல்மண்ணை மட்டும் நனைக்கும், வேரும் மேலேயே படரும், அப்புறம் ஒரு வாரம் ஊருக்குப் போனால் கன்று காய்ந்து நிற்கும். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி வட்டப்பாத்தி எடுத்து, அதற்குள் காய்ந்த சருகை நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். சருகு தண்டைத் தொட வேண்டாம், பட்டை அழுகும்.

குண்டுமல்லிக்கும் நிறுத்தக் கூடாது. கவாத்துக்கு முன்னால் காயப்போடுவதோடு சரி. மொட்டு வைக்கிற நேரத்தில் மல்லி காய்ந்தால் மொட்டு கடுகு அளவிலேயே கொட்டிவிடும். காகிதப்பூ மட்டும் விதிவிலக்கு. இலை லேசாகத் தொங்கும் வரை காயவிட்டுப் பிறகு ஊற்றினால்தான் நிறம் வரும்.

மே 4

இன்று கத்திரி தொடங்குகிறது. சரக்கொன்றை உச்சத்தில் இருக்கிறது. பக்கத்தில் மரம் இருந்தால் கைக்கெட்டும் உயரத்தில் தொங்குகிற ஒரு சரத்தைக் காலை எட்டு மணிக்குள் நிதானமாகப் பாருங்கள்.

சரம் மேலிருந்து கீழே மலரும். கிளையை ஒட்டிய பூக்கள் விரிந்து இதழ் தளர்ந்திருக்கும்போது நுனியில் மொட்டுகள் பச்சை மணி கோத்தது போல வரவரச் சிறுத்து நிற்கும். ஐந்து இதழ். நடுவில் பத்து மகரந்தத் தாள், பத்தும் ஒரே மாதிரி இல்லை. மூன்று நீளமாக வளைந்து பூவுக்கு வெளியே தூக்கிக்கொண்டு நிற்கும். நான்கு நடுத்தரம். மூன்று குட்டையானவை. அந்த நீள வளைவுகளோடு சேர்ந்து வளைந்து நிற்கிற பச்சை நூல்தான் பின்னால் ஒன்றரை அடி நீளக் காயாகப் போகிறது.

கருவண்டு வரும், மரத்தைத் துளைக்கிற அந்தப் பெரிய கறுப்பு வண்டு. பூவைக் கட்டிக்கொண்டு தொங்கி, சிறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். சத்தம் பறக்கும்போது வருவதை விடக் கூர்மையாக மாறுவது காதில் கேட்கும். அந்த அதிர்வில் நடுத்தரத் தாள்களிலிருந்து அது தின்னுகிற மகரந்தம் கொட்ட, அதே நேரம் நீளத் தாள்கள் அதன் உடம்பில் பொடியைப் பூசிவிடும். பூ இருக்கும் நாளில் மரத்துக்கு மருந்தடிக்காதீர்கள் என்று கேட்பது இதனால்தான். வண்டு போனால் காய் போகும்.

போன வருடத்துக் காய் இப்போது கறுத்து அதே மரத்தில் தொங்கும், முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் எடுக்கும். விதைக்கு அதைப் பறிக்கலாம். உடைத்தால் காசு அடுக்கியது போல அறை அறையாக, ஒவ்வொன்றிலும் ஒரு விதை, சுற்றிக் கறுப்புப் பிசின். அந்தப் பிசின் பேதியாவதற்குக் கொடுக்கிற மருந்து, பிள்ளைகள் இனிப்பாக இருக்கிறதென்று நக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விதையைக் கழுவி, கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு இரவு முழுக்க ஊறவிட்டு விதையுங்கள்.

மே 6

விதை விஷயத்தில் திருத்தம். வெந்நீர் முறை குல்மோகருக்கும் வாகைக்கும் நன்றாக வேலை செய்கிறது. சரக்கொன்றைக்கு அரைகுறை, பத்தில் சில மட்டும் ஊறும், மற்றவை கல்லாகவே கிடக்கும். உறுதியான வழி உப்புத்தாள். விதையின் ஒரு முனையில் காம்பு ஒட்டியிருந்த சின்னப் புள்ளி தெரியும், அதுதான் முளை வரும் பக்கம். அதற்கு எதிர்ப் பக்கத்தை, பழுப்புத் தோல் போய் உள்ளே வெளிறிய நிறம் தெரியும் வரை தேயுங்கள். அதற்கு மேல் தேய்த்தால் பருப்பு காயப்பட்டு அழுகும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாள் ஊறினால் விதை இரண்டு மடங்கு உப்பும். உப்பாததைத் திரும்பத் தேயுங்கள். உப்பியதை விரல் நகத்தளவு ஆழத்தில் ஊன்றினால் ஒன்று முதல் மூன்று வாரத்தில் முளைக்கும்.

புங்கனுக்கு இந்தப் பாடு எதுவும் வேண்டாம், நெற்றை உடைத்து விதையைப் படுக்க வைத்து ஊன்றினால் போதும். வேம்பும் இலுப்பையும் இன்னொரு வகை. அவற்றின் விதைக்கு ஆயுசு சில வாரம்தான். ஆனி, ஆடியில் விழுகிற வேப்பம் பழத்தைச் சதை போகக் கழுவி, ஒன்றிரண்டு நாள் நிழலில் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். டப்பாவில் போட்டு ஐப்பசி மழைக்கு எடுத்தால் ஒன்றும் முளைக்காது. கொன்றை விதையோ தோல் கெட்டியாக இருப்பதால் வருடக்கணக்கில் இருக்கும்.

மே 15

"மே ஃப்ளவர் வீட்டுக்கு முன்னால் வைக்கலாமா?" என்ற கேள்வி. பூ அழகுதான், நாலு செவ்விதழ் நடுவே வெள்ளையும் மஞ்சளும் தெறித்த ஐந்தாவது இதழ், அதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் மடகாஸ்கரிலிருந்து வந்த அந்த மரத்துக்கு வேர் ஆழம் போகாது, பக்கவாட்டில் ஓடித் தரையைத் தூக்கும். கிளை நொய்மை, கோடை மழைக் காற்றில் முதலில் முறிவது இதுதான். வீட்டுச் சுவரிலிருந்து 25 அடி விட முடிந்தால் வையுங்கள். 40 அடிக்கு 30 அடி மனையில் வேண்டாம். அந்த இடத்துக்குச் சரக்கொன்றையோ புங்கனோ பொருத்தம். நிழல்தான் முக்கியம் என்றால் புங்கன். மற்ற மரம் மொட்டையாக நிற்கிற பங்குனியிலேயே எண்ணெய் தடவியது போலத் தளிர் விட்டு, சித்திரையில் தரை முழுக்கப் பொரி கொட்டியது போலப் பூ உதிர்க்கும்.

குழியை இப்போதே வெட்டிவிடுங்கள், மூன்றடி நீளம், அகலம், ஆழம். மேல் ஒரு அடி மண் தனி, கீழ் மண் தனி. கத்திரி வெயிலில் குழி காயட்டும். நடும்போது மேல்மண்ணோடு இரண்டு கூடை மக்கிய தொழு உரம், இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு கலந்து அடியில் போடுங்கள். கரிசல் மண்ணில் மட்டும் குழி முழுக்க மண்ணை நிரப்பி ஒரு அடி மேடாக்கி நடுங்கள், இல்லாவிட்டால் ஐப்பசியில் குழி கிணறாகிவிடும். நர்சரிப் பையைக் கிழித்ததும் அடியில் வேர் சுருண்டிருக்கிறதா பாருங்கள். சுருண்டிருந்தால் அந்தச் சுற்றைக் கத்தியால் வெட்டிவிட்டு நடுங்கள். வெட்டப் பயந்து அப்படியே நட்ட கன்று நாலு வருடம் நன்றாக வளர்ந்துவிட்டு ஐந்தாம் வருடக் காற்றில் வேரோடு சாயும்.

மே 16

மே மாதப் பந்துப் பூவை மறந்துவிட்டேன், ஃபுட்பால் லில்லி. கிழங்கின் கழுத்து மண் மட்டத்தில் தெரிய வேண்டும், ஆழப் புதைத்தால் இலை மட்டும் வரும். மார்கழியில் இலை பழுத்ததும் தண்ணீரை நிறுத்தித் தொட்டியை நிழலில் வையுங்கள். வருடா வருடம் கிழங்கைத் தோண்டாதீர்கள், நெருக்கத்தில்தான் நன்றாகப் பூக்கும். நாய், ஆடு கடித்தால் விஷம்.

மே 24

கொன்றைத் தளிரைப் புழு மொட்டையடிப்பதாகப் படம் வந்திருக்கிறது. பச்சைப் புழு, பக்கவாட்டில் கோடு. இரண்டு வாரத்தில் அது வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி. பெரிய மரம் மூன்று வாரத்தில் திரும்பத் தளிர்த்துவிடும், விட்டுவிடுங்கள். ஆளுயரத்துக்குக் கீழே உள்ள கன்று என்றால் காலையில் கையால் எடுத்துப் பெரிய மரத்தில் விடுங்கள்.

ஜூன் 5

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: ஏப்ரல் 10 முதல் தண்ணீர் இல்லை, மே முதல் வாரத்தில் இலை பாதி உதிர்ந்து பயந்துவிட்டார்கள், மே 20 வாக்கில் இரண்டு மழை, இப்போது நாலு சரம். நாலும் கிழக்குப் பக்கத்தில்.

தையில் வெட்டாத பக்கம் அது ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். தண்ணீர் நிறுத்தியது நான்கு பக்கத்துக்கும் பொது. பூ வந்தது பழைய கிளை இருந்த பக்கத்தில் மட்டும். ஏப்ரல் 13 குறிப்பில் பாதிப் பாதி என்று எழுதினேன். இந்த மரத்தைப் பொறுத்தவரை அரிவாளின் பங்கே அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

மழைக்குப் பிறகு பூத்ததில் ஆச்சரியம் இல்லை. பழைய பாட்டுகளில் கொன்றை கார்காலத்துப் பூ, முல்லை நிலத்துப் பூ. குறுந்தொகை 66ஆம் பாட்டில் தோழி, பருவம் வரும் முன்பே பெய்த வம்ப மாரியைக் கார் என்று எண்ணிக் கொன்றை பூத்துவிட்டது, அது அறியாத மரம் என்று தலைவியைத் தேற்றுகிறாள். வறட்சிக்குப் பின் வருகிற ஈரம் இந்த மரத்தை எழுப்பும் என்பதை அவர்கள் அவ்வளவு நெருங்கிப் பார்த்திருக்கிறார்கள். இன்றும் சில மரங்கள் சித்திரையில் ஒரு முறையும் ஆவணி புரட்டாசியில் கொஞ்சமாக இன்னொரு முறையும் பூக்கின்றன.

இனி செய்ய வேண்டியது: அந்த நாலு சரமும் உதிர்ந்ததும், ஆனி முடிவதற்குள், மின்கம்பியைத் தொடுகிற கிளையை மட்டும் கவட்டையை ஒட்டி எடுங்கள், மற்றதைத் தொட வேண்டாம். மழை ஈரத்தில் பத்துக் கிலோ தொழு உரம், தண்டிலிருந்து நாலடி தள்ளிச் சுற்றிலும். வருடத்துக்கு அது ஒன்றே போதும். கார்த்திகைக்குப் பிறகு குழாயைத் திறக்க வேண்டாம். தையில் மின்வாரிய ஆட்கள் கிளை வெட்ட வந்தால், கம்பிப் பக்கத்தை ஏற்கெனவே வெட்டியாயிற்று என்று காட்டுங்கள்.